பஞ்சு மிதித்த பிரேக்

என் தம்பியைத் திட்டும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. மந்தம், வாயில்லாப் பூச்சி, கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லத் துப்பில்லாதவன் என்று நான் ஆயிரம் சொல்வேன். வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி. ஆகவே இதை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவனைப் பஞ்சு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. உடம்பு ஏணி மாதிரி நெட்டுக்கு இருக்கும். அவன் பிரேக் மிதிக்கிற அழகுக்கு வந்த பெயர் அது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வியாதி அவளுக்கு, ஓடுகிற காரில்தான் தூங்குவாள். கார் நின்றால் போதும், கண்ணைத் திறந்து வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். என் வீட்டுக்காரர் மெக்கானிக். பட்டறைக்கு வரும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் பிள்ளையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சுற்றுவது தம்பியின் வேலையாக இருந்தது. பிள்ளைக்குத் தெரியாமல் வண்டியை நிறுத்தினால்தான் அவனுக்கு விடுதலை. அப்படி நிறுத்தி நிறுத்திப் பழகினான். கடைசியில் ஒருநாள் வாசலில் வண்டி வந்து நின்று, அவன் இறங்கி உள்ளே வந்து தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். "அடப்பாவி, இது காலா பஞ்சாடா?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அவன் பஞ்சு.

அந்தக் கால் அவனுக்குச் சோறும் போட்டது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு டயாலிசிஸ் செய்கிற ஒரு சின்ன கிளினிக்கில் வேன் ஓட்டுகிறான். வீடு வீடாகப் போய் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவான். மெஷினில் ரத்தம் சுத்தமாகி முடிந்ததும் திரும்ப வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பான். மெஷினிலிருந்து எழுந்து வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்கள். டக்கென்று ஒரு பிரேக் போட்டால் குடலே வாய்க்கு வந்துவிடும். முன்னால் இருந்த டிரைவர் வண்டியில் எப்போதும் ஒரு வாளி இருக்குமாம். பஞ்சு வந்த பிறகு வாளியைத் தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துக்கொண்டார். இதை அவன் சொல்லி எனக்குத் தெரியாது, அங்கே இருக்கிற நர்ஸ் சொன்னாள். அவனாவது, தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதாவது!

அப்படிப்பட்டவன் வண்டிதான் கிளினிக் வாசலில் தூணில் போய் இடித்தது.

அந்த வாசல் அமைப்பே ஒரு கோணல். ரோட்டிலிருந்து உள்ளே வரும் பாதை சரிவாக இறங்கிப் போர்ட்டிகோவில் முடியும். பஞ்சு வேனைச் சரிவில் கொண்டுவந்து, வழக்கம் போல் மெத்தென்று நிறுத்தினான். உள்ளே இருந்தவர்களில் ஒரு தையல்காரம்மா. அறுபது தாண்டியவர், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வண்டி நின்றதுதான் தாமதம், தானே கதவைத் தள்ளித் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பஞ்சு ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுக்காமல், "அம்மா, இருங்க, நான் வந்து புடிக்கிறேன்" என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கவில்லை, வண்டி நகர்ந்தது. அந்த அம்மா கீழே விழுந்தார், முன்பக்கம் தூணில் மோதிற்று. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. தைக்கிற கை!

கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் பார்த்ததைச் சொன்னான். "டிரைவர் தலை ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு சார்." பின்னால் திரும்பிப் பேசுகிறவன் தலை வேறு எப்படி இருக்கும்? ஆனால் பஞ்சுவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, ராத்திரி எல்லாம் தூக்கமில்லை, கண் சிவந்து கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சாய்ந்த தலை, சிவந்த கண். தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிளினிக் மேனேஜர் கொஞ்சம் நிதானமானவர். "வண்டிய செக் பண்ணலாம். பிரேக்ல கோளாறு இருந்தா உன் மேல தப்பில்ல. இல்லேன்னா நோயாளிங்கள உன்கிட்ட நம்பி விட முடியாதுப்பா, நீயே சொல்லு" என்றாராம். அவர் சொன்னதில் தப்பு சொல்ல என்னாலேயே முடியவில்லை.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேனைப் பார்த்தார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் நசுங்கின முன்பக்கத்தைச் சரிசெய்ய வேன் எங்கள் பட்டறைக்கு வந்தது. எப்போதும் அதற்கு வேலை பார்ப்பது நாங்கள்தான்.

நாங்கள் என்று சொன்னால் நாங்களேதான். இரண்டு வண்டி நிற்கிற அளவு பட்டறை, அதன் பின்சுவரில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் என் அடுப்படி. பிரேக் ஆயிலில் சிக்கின காற்றை வெளியே எடுக்கும் வேலை தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் கீழே படுத்துச் சக்கரத்துக்கிட்டே இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் குமிழ் குமிழாக வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். கை என் வீட்டுக்காரருடையது, கால் என்னுடையது. "அமுக்கு." "அமுக்கிட்டேன்." "புடி." "புடிச்சிட்டேன்." "விடு." கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் காதல் வசனம். சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நாளிலும் இந்த வார்த்தைகள் மட்டும் நிற்காது. வேனுக்குப் பிரேக் ஆயில் மாற்றி, காற்று எடுத்துக் கொடுத்ததும் போன மாதம் நாங்கள்தான். அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் வந்ததும் இவர் நசுங்கலைப் பார்க்கவில்லை, நேரே பிரேக்குக்குப் போனார். ஏறி உட்கார்ந்ததும் டப் டப் டப் என்று பெடலை மிதித்தார். எந்த வண்டியில் ஏறினாலும் அவருக்கு அதுதான் முதல் வேலை. மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அது கைவந்த பழக்கம், கால்வந்த பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பெடல் கல் மாதிரி நின்றது. நாலு சக்கரத்தையும் கழற்றினார். எங்கும் ஈரம் இல்லை. ஓஸ் பைப்புகளை வளைத்து நெளித்துப் பார்த்தார், ஒரு வெடிப்பு இல்லை. ஆயில் டப்பாவில் ஆயில் கோட்டிலிருந்து இறங்கவில்லை. பெடல் அமுங்கிப் போக வேண்டுமானால் உள்ளே காற்று இருக்க வேண்டும், இல்லை ஆயில் எங்காவது கசிய வேண்டும். காற்று இருந்தால் பெடல் ரப்பர் பந்து மாதிரி பொதபொத என்று இருக்கும். இது அப்படி இல்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக் கதவில் வந்து நின்றார். "பிரேக்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நெஜமாவே இல்லையா, நீங்க கை வெச்ச பிரேக்குங்கிறதால இல்லையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "என் மச்சினன் பொழப்பவிட எனக்கு என் பேரு பெருசுன்னு நெனக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அப்புறம் பேச்சில்லை. சாப்பிடும்போதும் பேச்சில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டேன், அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் தம்பியை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஏனென்றால் பஞ்சுவின் கதை அதைவிட மோசம். மற்றவர்கள் சொன்னதை அவன் நம்ப ஆரம்பித்திருந்தான். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. தன் பழைய ஸ்கூட்டரைக்கூட எடுக்காமல் நடந்தே போனான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழுதாள். "அண்ணி, குழந்தையத் தூக்க மாட்டேங்கிறாருண்ணி. கையில வெச்சுக்கிட்டு தூங்கிட்டேன்னா என்ன பண்றதுன்னு பயப்படுறாரு." ஒரு மனுஷன் தன் பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறான் என்றால் அவனிடம் வேறு என்னதான் மிச்சம்?

மறுநாள் மத்தியானம் பட்டறைக்கு வந்தான். இவர் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். கொஞ்ச நேரம் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்க முடியுமா?"

"ஏன் மாப்ள அப்படிக் கேக்குற?"

"கால் பெடல் மேலதான் மாமா இருந்துச்சு. எடுக்கவே இல்ல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மாகிட்ட இருங்கன்னு சொன்னதும் ஞாபகம் இருக்கு. ஆனா வண்டி போச்சே. பிரேக்கும் நல்லா இருக்கு, காலும் எடுக்கலேன்னா வண்டி எப்படிப் போகும்? அப்ப நான் தூங்கித்தான் இருக்கேன். காலு எடுக்கலேங்கிறது கனவா இருக்கும்."

இவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன் மாமா. தூங்கிட்டேன்னு. அந்தம்மா கால்லயும் விழுந்துடறேன். அப்புறம் ஏதாவது குடோன்ல மூட்டை கணக்கு பாக்கற வேலை கெடைக்குமான்னு பாக்கணும். ஓட்டற வேலை இனிமே வேணாம்."

கரண்டியோடு நான் அடுப்படியிலிருந்து வந்தேன். அழுகை வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும், என் பிறவி அப்படி. "ஏண்டா, செய்யாத தப்பை ஒத்துக்கறதுக்கு உனக்கு என்னடா அவசரம்? எந்திரி! ஏறு வண்டியில!"

"வேணாங்கா."

"ஏறுறியா, கரண்டியால போடட்டுமா?"

நாற்பதை நெருங்குகிறவனை அப்படி மிரட்டினால் யாராவது பயப்படுவார்களா? ஆனால் அவன் என்னை எதிர்த்துப் பழக்கமில்லாதவன். தயங்கித் தயங்கி ஏறினான். இவர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். வைத்துவிட்டு, "இன்ஜின ஸ்டார்ட் பண்ணு மாப்ள, ஒரு மூணு நாலு தடவ பம்ப் பண்ணிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். நேற்றிலிருந்து நான் அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். "டேய், பம்ப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். அன்னைக்கு எப்படி நிறுத்தினியோ அப்படியே நிறுத்து. நான் பாக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். பெரிய மூளை எல்லாம் இல்லை. அவன் தூங்கினானா என்று பார்க்கத்தான் நினைத்தேனே தவிர, பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் ஓடியது. அவன் காலைப் பெடலில் வைத்தான். வைத்தான் என்றால், குழந்தை நெற்றியில் கை வைத்துச் சுரம் பார்க்கிற மாதிரி வைத்தான். பெடல் கொஞ்சம் இறங்கி நின்றது.

"இப்ப பின்னால திரும்பு. அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"அம்மா, இருங்க, நான் வந்து..."

"திரும்பிச் சொல்லு!"

அவன் திரும்பி, காலி சீட்டைப் பார்த்து, "அம்மா, இருங்க, நான் வந்து புடிக்கிறேன்" என்றான். நான் டார்ச் வெளிச்சத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு நகரவில்லை, பெடலோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், பெடல் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அவன் கவனம் முழுக்கப் பின்சீட்டில், இல்லாத அந்த அம்மாவிடம் இருந்தது.

"இங்க வாங்க" என்றேன். "சீக்கிரம் வாங்களேன்!"

இவர் ஓடிவந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். பெடல் அதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பஞ்சுவின் காலைத் தள்ளிவிட்டுத் தன் கையால் பெடலை டப் டப் என்று அமுக்கினார். கல் மாதிரி நின்றது. விட்டார். மறுபடி கையை லேசாக வைத்து மெதுவாக அமுக்கினார். இறங்கிற்று. எதிர்க்கவே இல்லை, பேசாமல் இறங்கிற்று.

"அடச் சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா?" என்றான் பஞ்சு. பாவம், அவனுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

"நீ தூங்கல மாப்ள" என்றார் இவர். "நீ காலையும் எடுக்கல. பெடல்தாண்டா கீழ போயிருக்கு."

அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். பெடலுக்கு நேரே முன்னால் மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வாஷர். நாம் மிதித்தால் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், ஆயில் சக்கரத்தில் போய்ப் பிடிக்கும். ரப்பர் ஓரம் தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால், தள்ளின ஆயில் ரப்பரைத் தாண்டிப் பின்பக்கமே திரும்பி வந்துவிடும். வெளியே ஒரு சொட்டு சிந்தாது, டப்பாவிலும் குறையாது. "நம்ம பாத்ரூம் கதவு மாதிரிதான். ஓங்கி அறைஞ்சா மூடிக்குது. மெதுவா சாத்தினா திறந்துக்குதில்ல? ஓங்கி மிதிச்சா ரப்பர் விரிஞ்சு சுவத்தோட அப்பிக்கும், பெடல் நிக்கும். மெதுவா மிதிச்சா அந்தக் கிழிசல் வழியா ஆயில் நழுவும்."

அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்காரனும் டப் டப் என்று மிதித்தான். இவரும் டப் டப் என்று மிதித்தார். மேனேஜரும் ஏறி உட்கார்ந்து தன் பங்குக்கு மிதித்துப் பார்த்திருக்கிறார். ஓங்கி மிதிக்கிறவர்களுக்கெல்லாம் அது நல்ல பிரேக். பஞ்சு மாதிரி மிதிக்கிறவன் ஒருத்தன்தான் இருந்தான், அவனை யாரும் மிதித்துக் காட்டச் சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பூப்போல மிதித்தான் என்பதற்காகவா என் தம்பி தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கினான்?

பஞ்சு இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்து, மெதுவாகக் காலை வைத்துப் பார்த்தான். இறங்கிற்று. காலை எடுத்து மறுபடி வைத்தான். இறங்கிற்று. "காலு எடுக்கலதான் இல்லக்கா?" என்று கேட்டான். "எடுக்கலடா, நான்தான் பாத்தேனே" என்றேன். எத்தனை தடவை கேட்டானோ, அத்தனை தடவையும் அதையே சொன்னேன்.

இவர் உடனே கழற்றிவிடவில்லை. "மொதல்ல மேனேஜர் பாக்கட்டும். கழட்டிட்டு காமிச்சா மச்சினனுக்காக மாமன் சொல்றான்னுதான் நெனப்பாங்க" என்றார். போன் போட்டதும் மேனேஜர் சாயங்காலம் வந்தார். கனத்த ஆள், கனத்த ஷூ. ஏறி மிதித்தார், பெடல் நின்றது. "நல்லாத்தானே இருக்கு?" என்றார். "சார், முட்டை மேல கால் வெக்கிற மாதிரி வெச்சுப் பாருங்க" என்றேன். வைத்தார். பெடல் இறங்க இறங்க அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த வண்டியில்தானே அத்தனை நோயாளிகளும் போய் வந்தார்கள்!

இறங்கி வந்து பஞ்சுவின் தோளில் கை வைத்தார். "நான் அவசரப்பட்டு ஒண்ணும் செய்யலேன்னு நெனச்சேன்பா. ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத." பெரிய மனுஷன்தான், ஒத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதி, எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் விடவில்லை. மேனேஜர் முன்னாலேயே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை உருவி, ரப்பரை வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் நகம் கிள்ளின மாதிரி ஒரு கிழிசல். பிறகு சிலிண்டருக்குள் டார்ச் அடித்தார். பாதி வரைக்கும் வழவழ என்று இருந்தது. அதற்கு அப்பால், அடியில், சொரசொரப்பாகத் துரு.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார். "தெனமும் மிதிக்கிறப்ப ரப்பர் இந்தப் பாதி வரைக்கும்தான் போகும். துரு இருக்கிற இடத்துக்குப் போகாது. போன மாசம் ஆயில் மாத்தி காத்து எடுத்தப்ப, பெடல தரை வரைக்கும் அமுக்கினோம். பழைய சிலிண்டர்ல அப்படிச் செய்யக் கூடாது. பெடலுக்கு அடியில ஒரு கட்டை வெச்சு, பாதியோட நிறுத்தணும். எனக்கு அது தெரியும். ஆயிரம் வண்டி பாத்தாச்சுங்கிற மெதப்புல கட்டைய வெக்கல. துருவுல பட்டு ரப்பர்ல கீறல் விழுந்து, நாளாக நாளாகக் கிழிஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

நேற்று இவரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது. பேர் பெரிதென்று நினைக்கிறவரா இவர்? யாரும் கேட்காத உண்மையைத் தானே எடுத்துக் கொடுக்கிறார். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "கை அவரோடதுன்னாலும் அமுக்கினது என் கால்தான் சார்" என்றேன். "பாதித் தப்பு எனக்கு எழுதுங்க."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வேலைய முடிச்சுக் குடுங்க" என்றார் கடைசியில். "அடுத்த சர்வீஸ வேற எடத்துல செஞ்சுக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் மேல பதில் சொல்லணும்." நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தத்துக்கு நியாயம் அநியாயம் தெரியுமா?

புது மாஸ்டர் சிலிண்டர் மறுநாள் வந்தது. வண்டியில் மாட்டும் முன்னால் அதை மேஜையில் இருக்கும் இரும்புப் பிடிக்குள் வைத்து இறுக்கி, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி, குமிழ் வருவது நிற்கும் வரைக்கும் உள்காற்றை எடுத்தார் இவர். பிறகு வண்டியில் பொருத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு போய் சீட்டில் ஏறினேன். பெடலுக்கு அடியில் ஒரு கட்டை. இனி எந்த வண்டியானாலும், பழசோ புதுசோ, அந்தக் கட்டை இல்லாமல் நான் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அமுக்கு" என்றார் கீழேயிருந்து.

"அமுக்கிட்டேன்."

"புடி."

"புடிச்சிட்டேன். கோவம் போயிடுச்சா?"

"விடு" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் எதிர்பார்ப்பது என் முட்டாள்தனம்.

வேலை முடிந்ததும் பஞ்சு ஏறி உட்கார்ந்தான். தன் வழக்கப்படி காலை வைத்தான். வைத்த கால் வைத்தபடி இருந்தது. நான் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, அவன் காலை எடுக்கவில்லை. "நிக்குதாடா?" என்றேன். "நிக்குதுக்கா" என்றான். ஆனாலும் எடுக்கவில்லை.

இன்னும் ஒருத்தர் பாக்கி இருந்தார். தையல்காரம்மா. "அந்தத் தூங்குமூஞ்சி வண்டியில இனி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டதால், மகன் வேலைக்கு லீவு போட்டு அவரைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். மேனேஜர் போனில் விவரம் சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. பஞ்சு நேரில் போகிறேன் என்றான். துணைக்கு நான் போனேன். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வருவான்.

சின்ன அறை. ஜன்னலோரத்தில் தையல் மெஷின், அதன் மேல் உறை போட்டிருந்தது. வெட்டி வைத்த துணிகள் ஒரு நாற்காலியில் அப்படியே கிடந்தன. அந்த அம்மா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, எங்களை உட்காரச் சொல்லாமல் பார்த்தார்.

"அம்மா, வண்டியில கோளாறு இருந்துச்சு. அதக் கண்டுபிடிச்சாச்சு" என்றான் பஞ்சு. "ஆனா நின்ன உடனே ஹேண்ட் பிரேக்க இழுத்திருக்கணும். இழுத்திருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க. அது என் தப்புதாம்மா."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ தூங்கினியா, தூங்கலையா?"

"தூங்கலம்மா."

"அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதும்மா" என்றான்.

அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் கோபிக்கத் தெரியவில்லை. "குழந்தை என்ன குழந்தை?" என்று கேட்டார். "பொண்ணும்மா" என்றான். "ராத்திரி அழுகுதா?" "அழுகுதும்மா." "அழட்டும், அழுதாத்தான் குழந்தை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு நீயும் வண்டியில வர்றதா இருந்தா ஏறுறேன். இவன நம்பல" என்றார். சொல்லும்போது முன்னைக்கு இப்போது குரலில் பாதிச் சூடுதான் இருந்தது.

போனேன். போகும்போது கிளினிக் வாசலில் வண்டி நின்றதும், அந்த அம்மா கதவுப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. பஞ்சு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி வந்து, கதவைத் திறக்கும் வரைக்கும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவன் கையைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

மெஷின் முடிந்து திரும்பும்போது அந்த அம்மா பிழிந்த துணியாகத்தான் வந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது ஒரு குலுக்கல் வரும், எப்போது பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். சிக்னல்களில் நின்றோம், வளைவுகளில் திரும்பினோம், மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள். ஒரு தடவைகூட என் கைக்கு வேலை வரவில்லை.

அந்த அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றது. பஞ்சு ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிக்கொண்டே இழுத்தான், கரகர என்ற சத்தம்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். நல்ல தூக்கம், லேசாகக் குறட்டை வேறு. நான் எழுப்பப் போனேன். பஞ்சு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, ஆனாலும் அவன் கால் பெடல் மேலேயே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பெடல் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்ததில் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். வெளியே பார்க்காமல், முன்னால் இருக்கும் அவன் முதுகைப் பார்த்து எரிச்சலோடு கேட்டார்.

"ஏம்ப்பா, இன்னுமா கிளம்பல?"

"வீடு வந்தாச்சும்மா" என்றான் பஞ்சு. சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, பெரிய ஆள், குழந்தை மாதிரி அழுதான். நான் அவனைத் திட்டவில்லை.